கேள்வி பிறக்கும் முன்பே



சுற்றுச்சூழல் கண்காணிப்பைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். கண்காணிப்பு என்றதும் நினைவுக்கு வருபவை எண்கள். ஆற்று நீரில் ஈயம் எவ்வளவு, காற்றில் நுண்துகள் எவ்வளவு, மீனில் பூச்சிக்கொல்லி எவ்வளவு என்று அட்டவணை அட்டவணையாக எழுதி வைக்கிறோம். அந்த எண்கள் கிடைத்த பிறகு மிச்சமிருக்கும் நீரையும் மண்ணையும் மீனையும் என்ன செய்கிறோம் என்பதுதான் இன்று என் பேச்சு. அறிக்கையில் கையெழுத்தாகிச் சில வாரங்கள் போனதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் பாட்டிலைக் கழுவி அடுத்த மாதிரிக்கு எடுத்துக்கொள்வது ஆய்வகங்களின் பொது வழக்கம். ஒரு பங்கையாவது வைத்திருக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஜப்பானில், உதிர்ந்த தொப்புள்கொடியைக் காயவைத்துச் சிறிய மரப்பெட்டியில் பத்திரப்படுத்தும் வழக்கம் உண்டு. பெட்டியில் பெயரும் பிறந்த நாளும் எழுதியிருக்கும். நம் வீடுகளிலும் கொடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டுவார்கள் என்பதால் இது நமக்கு அந்நியமான பழக்கமல்ல. குமாமோத்தோ மாநிலத்து மினமாட்டாவில், கைகால் நடுங்கி, பேச்சுக் குழறி, பார்வை சுருங்கி மனிதர்கள் விழுந்த நோய் 1956 மே மாதம் அதிகாரபூர்வமாகப் பதிவானது. சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலையில் அசிட்டால்டிஹைடு தயாரித்தபோது உண்டான மெத்தில் பாதரசம் கழிவுநீரோடு கடலில் கலந்து, மீன் வழியாக மக்களின் உடலுக்குள் போயிருந்தது. தாய்க்குப் பெரிய நோய்க்குறி எதுவும் தெரியாத வீடுகளிலும் மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. நஞ்சு தாயின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகாது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் குழந்தைகள் கருவில் இருந்த மாதங்களில் அவர்கள் உடலில் எவ்வளவு பாதரசம் இருந்தது என்று அன்று ஒருவரும் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று தெரிந்தபோது குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், கடல்நீரும் மாறிவிட்டது. ஹராதா மசாசுமி என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் அந்த மரப்பெட்டிகளைத் தேடிப் போனார்கள். குடும்பங்களிடமிருந்து பெற்ற காய்ந்த கொடிகளில் மெத்தில் பாதரசத்தை அளந்து, பிறந்த ஆண்டின்படி வரிசைப்படுத்தினார்கள். ஆலையின் உற்பத்தி ஏறிய ஆண்டுகளில் கொடியில் பாதரசமும் ஏறியிருந்தது. உற்பத்தி இறங்கியபோது அதுவும் இறங்கியிருந்தது. 1970களில் வெளியான அந்த வரைபடத்தை நான் மாணவர்களுக்குக் காட்டும்போதெல்லாம் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். சான்றைப் பாதுகாத்தவை ஆய்வகங்களல்ல, மீனவக் குடும்பங்கள். பெட்டியின் மேல் ஒருவர் தேதி எழுதி வைத்திருக்காவிட்டால் அந்தக் கொடிகள் வரிசையில் நின்றிருக்கவே முடியாது.

ஆய்வாளர்களே சேமித்து வைத்த இடமும் உண்டு. இங்கிலாந்தில் ஹார்ப்பெண்டன் ஊரில் ரோதம்ஸ்டெட் பண்ணை இருக்கிறது. சூப்பர் பாஸ்பேட் உரத்துக்கு 1842இல் காப்புரிமை பெற்ற ஜான் பென்னெட் லாஸ், மறு ஆண்டு ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரைச் சேர்த்துக்கொண்டு பிராட்பாக் என்ற வயலில் கோதுமை விதைத்தார். ஒரு பாத்திக்குத் தொழு உரம், ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. எந்த உரம் எவ்வளவு மகசூல் தரும் என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அதற்கான விடை சில ஆண்டுகளிலேயே கிடைக்கத் தொடங்கிவிட்டது. இருவரும் அதோடு நிற்கவில்லை. தானியத்திலும் வைக்கோலிலும் மண்ணிலும் ஒரு பங்கை உலர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் இட்டுத் தக்கை அடைத்து, எந்தப் பாத்தி, எந்த ஆண்டு என்று எழுதி அடுக்கினார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அதை விடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்ணாடி கிடைக்காதபோது பழைய தகர டப்பாக்களில் போட்டு வைத்தார்கள். இன்று அந்தக் கிடங்கில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன.

அந்தப் பாட்டில்களைத் திறந்து என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். மண்ணில் காட்மியம் எப்படி ஏறியது என்று கேட்டார்கள். டயாக்சின்கள் எப்போது வந்தன என்று கேட்டார்கள். 1950களின் அணுகுண்டுச் சோதனைகளில் காற்றில் பறந்த புளுட்டோனியம் அந்தப் பண்ணையின் புல்லில் படிந்திருக்கிறதா என்று கேட்டார்கள், படிந்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது 2005இல் வெளிவந்த ஒரு ஆய்வு. கோதுமை இலையில் கருகல் உண்டாக்கும் பூஞ்சைகள் இரண்டு உண்டு. ஒரு காலத்தில் ஒன்று மேலோங்கும், இன்னொரு காலத்தில் மற்றது. காரணம் புரியாமல் பயிர்நோய் அறிஞர்கள் நெடுநாள் குழம்பினார்கள். ரோதம்ஸ்டெட்டின் பழைய கோதுமை மாதிரிகளிலிருந்து அந்தப் பூஞ்சைகளின் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு இரண்டின் விகிதத்தையும் கணக்கிட்டார்கள். அந்த விகிதம், நிலக்கரிப் புகையிலிருந்து வந்த கந்தக டை ஆக்சைடின் ஏற்ற இறக்கத்தோடு மிக நெருக்கமாக ஒத்துப்போனது. முதல் பாட்டில்களை லாஸும் கில்பர்ட்டும் அடைத்தபோது டிஎன்ஏ என்று ஒன்று இருப்பதையே யாரும் அறிந்திருக்கவில்லை. ஆலைப்புகைக்கும் இலைநோய்க்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியும் எழவில்லை. அந்தக் கேள்வி பிறக்கும் முன்பே அதற்கான விடை அலமாரியில் ஏறிவிட்டது.

எண்ணைத்தான் எழுதி வைத்திருக்கிறோமே, பொருள் எதற்கு என்று நிதி ஒதுக்கும் கூட்டங்களில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இடமும் ஆளும் இல்லாமல் பொருளை வைத்திருக்க முடியாது, சிலவற்றுக்கு மின்சாரமும் வேண்டும். ஆனால் நாம் என்ன கேட்டோமோ அதை மட்டுமே எண் சொல்லும். அதுவும் அன்றைய கருவி எவ்வளவு கூர்மையோ அவ்வளவுதான் சொல்லும். ஸ்வீடனில் நடந்ததைப் பாருங்கள். ஸ்டாக்ஹோமில் தாய்ப்பால் மையம் ஒன்றின் மூலம் தாய்மார்கள் கொடுத்த பாலை 1972 முதல் சேகரித்து வந்தார்கள். அன்றைய கவலை டிடிடி என்ற பூச்சிக்கொல்லியும் பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனமும். இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்தன. எண்ணை மட்டும் வைத்திருந்தால் நல்ல செய்தி என்று கோப்பை மூடியிருப்பார்கள். சேமித்து வைத்திருந்த அதே பாலில் 1990களின் கடைசியில் வேறொரு பொருளைத் தேடினார்கள். அது மெத்தை, திரைச்சீலை, கணினிப்பெட்டி ஆகியவை எளிதில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோமின் சேர்மம், பிபிடிஇ. ஒரு கிராம் பால் கொழுப்பில் 1972இல் 0.07 நானோகிராமாக இருந்தது 1997இல் 4.02 ஆகியிருந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் வேகம். சோபாவின் பஞ்சுக்குள் இருக்க வேண்டிய சரக்கு தாய்ப்பாலில் ஏறிக்கொண்டிருந்ததை உலகம் அப்படித்தான் தெரிந்துகொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் அந்தச் சேர்மக் குடும்பத்தின் சில கலவைகளுக்குத் தடை விதித்தது. நிலைத்த கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலிலும் 2009இல் அவை சேர்ந்தன.

பிசிபியே கூட இப்படித்தான் பிடிபட்டது. ஸ்வீடிஷ் வேதியியலாளர் சோரன் யென்சன் டிடிடியைத் தேடிக்கொண்டிருந்தபோது பெயர் தெரியாத சில முகடுகள் வரைபடத்தில் வந்துகொண்டே இருந்தன. 1966இல் அவற்றின் அடையாளத்தைக் கண்டு அறிவித்தார். எப்போதிலிருந்து இது இயற்கையில் இருக்கிறது என்று அறிய அவர் நாடியது அருங்காட்சியகத்தில் இருந்த வெண்வால் கழுகின் இறகுகளை. 1940களின் இறகுகளிலேயே அது இருந்தது. மறு ஆண்டு இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப் பொரி வல்லூறின் முட்டையோடுகளை எடைபோட்டு, டிடிடி புழக்கத்துக்கு வந்த 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டதைக் காட்டினார். அந்த முட்டைகள் பொழுதுபோக்குக்காகக் கூடுகளிலிருந்து திருடப்பட்டவை. அந்தத் திருட்டை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனாலும் ஒவ்வொரு முட்டைக்கும் தேதியும் இடமும் குறித்து வைத்த அந்தச் சேகரிப்பாளர்களின் ஒழுங்குதான் அந்தப் பறவையைக் காக்க உதவியது.

இதையே திட்டமிட்டுச் செய்யும் நாடு ஜெர்மனி. 1979இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1985 முதல் நிரந்தர அரசுப் பணியாக அங்கே சுற்றுச்சூழல் மாதிரி வங்கி நடக்கிறது. ஆற்று மீன், சிப்பி, கடற்புறா முட்டை, மண்புழு, மானின் ஈரல், மரங்களின் இலை என ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே பருவத்தில், எழுதி வைத்த அதே முறையில் எடுக்கிறார்கள். எடுத்த இடத்திலேயே திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உருகவே விடாமல் கொண்டுபோய், உறைந்த நிலையிலேயே பொடித்துக் கலந்து, சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே நைட்ரஜன் ஆவியில் வைக்கிறார்கள். மியூன்ஸ்டர் உள்ளிட்ட நகரங்களின் மாணவர்கள் தாங்களாக முன்வந்து ரத்தமும் 24 மணி நேரச் சிறுநீரும் கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக்கை மென்மையாக்க டிஐஎன்சிஎச் என்ற புதிய பொருள் 2002இல் சந்தைக்கு வந்தது. பழைய தாலேட்டுகளுக்கு மாற்று என்றார்கள். பிற்பாடு அதன் தடயத்தைத் தேட முறை கண்டுபிடித்ததும், வங்கியிலிருந்த சிறுநீரைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். 1999இலும் 2003இலும் ஒருவரிடமும் இல்லை. 2006இல் 7 சதவீதம் பேரிடம், 2009இல் 43 சதவீதம் பேரிடம், 2012இல் 98 சதவீதம் பேரிடம் இருந்தது. ஒரு தொழிற்சாலைச் சரக்கு பத்தே ஆண்டில் ஏறக்குறைய எல்லோர் உடலுக்குள்ளும் நுழைந்ததை இவ்வளவு துல்லியமாக வேறு எந்த வழியிலும் காட்டியிருக்க முடியாது.

காற்றையும் சேமிக்கலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவின் வடமேற்கு முனை கேப் கிரிம். தென்பெருங்கடலைக் கடந்து ஊர் வாசனை படாத காற்று வீசும் நேரம் பார்த்து, அதைக் குளிரவைத்துத் துருப்பிடிக்காத எஃகு உருளைகளில் அடைக்கிறார்கள். 1978இல் தொடங்கி ஆண்டுக்குச் சில உருளைகள். 2014இல் இந்தக் காற்றையும் கிரீன்லாந்தின் பனியடுக்குக் காற்றையும் ஆராய்ந்தவர்கள், ஓசோனைத் தின்னும் நான்கு வாயுக்களை முதன்முறையாக அறிவித்தார்கள். நான்கும் சேர்ந்து 74,000 டன்னுக்கு மேல் காற்றில் கலந்திருந்தன. மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987இல் கையெழுத்தாகி, பிரச்சினை தீர்ந்தது என்று உலகம் மூச்சுவிட்ட பிறகு கிடைத்த செய்தி இது. கடலுக்கும் அப்படியொரு கிடங்கு இருக்கிறது. கப்பல்களின் பின்னால் கட்டி இழுத்த பட்டுத்துணியில் மிதவையுயிர்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள் பிரிட்டன்காரர்கள். 2004இல் ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் அந்தப் பட்டில் 1960கள் முதலான பிளாஸ்டிக் துணுக்குகளை எண்ணி, அவை பெருகி வந்ததைக் காட்டினார்கள்.

மாதிரியைச் சேமிப்பது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. பொருள் அலமாரியில் சும்மா இருப்பதில்லை. உலர்த்தும்போது ஆவியாகக் கூடியவை போய்விடும். பிளாஸ்டிக் மூடியிலிருந்து ஏதோ இறங்கும். கண்ணாடிச் சுவரில் ஏதோ ஒட்டிக்கொள்ளும். அறைக் காற்றிலிருக்கும் பிசிபி, அது தயாரிக்கப்படாத காலத்து மண்ணிலும் வந்து படியக் கூடும். அந்த மண்ணை நம்பி ஒருவர் முடிவெழுதினால், அவர் எழுதுவது ஆய்வகத்தின் காற்றைப் பற்றி. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் மாதிரியோடு ஒரு காலிப் பாட்டிலையும் அதே நாளில் மூடி, அதே அலமாரியில் வைக்கிறார்கள். முப்பது ஆண்டு கழித்துச் சந்தேகம் வரும்போது அந்தக் காலிப் பாட்டில் சாட்சி சொல்லும். நம் ஊரில் ஈரப்பதமும் வண்டும் கரையானும் வேறு. குறிப்பேடு தொலைந்தால் மாதிரி இருந்தும் பயனில்லை. எங்கே, எப்போது, எவ்வளவு ஆழத்தில், யார், எந்தக் கருவியால் எடுத்தார்கள் என்பது இல்லாத மண் வெறும் மண். பென்சிலால் எழுதிய சீட்டைப் பாட்டிலுக்கு உள்ளேயும் வெளியேயும் வையுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவி இங்கே அமர்ந்திருக்கும் குடும்பத்தார் அதற்கு ஒரு தொகையை வைப்பு நிதியாகப் போட்டிருக்கிறார்கள். வட்டியில் ஆண்டுதோறும் சொற்பொழிவு நடக்கிறது. முதல் அப்படியே இருக்கிறது. மாதிரிக் கிடங்கில் வட்டியே கிடையாது. ஒவ்வொரு கேள்வியும் முதலிலிருந்துதான் ஒரு சிட்டிகை எடுக்கிறது. 1844ஆம் ஆண்டுத் தானியம் தீர்ந்துவிட்டால் இன்னொரு 1844 வராது. ஆகவே, வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கவும் கூடாது, ஒருவருக்கும் தராமல் பூட்டி வைக்கவும் கூடாது. பூட்டியே கிடக்கும் கிடங்கைக் காலப்போக்கில் குப்பை என்று யாராவது அகற்றிவிடுவார்கள். கேட்பவரின் முறை அந்தச் சிட்டிகைக்குத் தகுமா, குறைந்த அளவில் முடியுமா, பெற்ற முடிவுகள் பொதுவுக்கு வருமா என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். மனித உடலிலிருந்து எடுத்தவற்றில் இன்னும் கவனம் தேவை. பால் கொடுத்த தாய், ரத்தம் கொடுத்த மீனவர் ஆகியோரின் சம்மதம் வெறும் கையெழுத்தாக இருக்கக் கூடாது. இன்று தெரியாத ஒன்று நாளை அவர்கள் மாதிரியில் தெரியவந்தால் அதைக் கேட்டறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. 1980களில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தினரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து ஷின்சுகே தனபே குழுவினரும் சேர்ந்து, நம் விவசாயிகள் பிஎச்சி பவுடர் என்று தூவிய பூச்சிக்கொல்லி எங்கே போகிறது என்று தேடினார்கள். பரங்கிப்பேட்டையின் காற்றையும் வெள்ளாற்றுப் பகுதி நெல்வயலையும் தென்னிந்தியத் தாய்மார்களின் பாலையும் ஆராய்ந்தார்கள். வெப்பநாட்டு வயலில் தூவிய மருந்தின் பெரும்பகுதி மண்ணில் தங்காமல் ஆவியாகிப் போகிறது என்று தெரிந்தது. அந்த மருந்தை இந்தியா 1997இல் தடை செய்தது. எஹிமே பல்கலைக்கழகம் இருக்கும் மத்சுயாமா நகரில், 1960கள் முதல் பல நாடுகளில் சேகரித்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைக் குளிர்க்கிடங்கில் வைத்திருக்கிறார்கள். ஆசியக் கடல்களின் கடந்தகாலத்தைப் பற்றி ஆராய நினைப்பவர் இன்று அங்கேதான் போக வேண்டியிருக்கிறது. அவர்கள் காத்து வைத்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நம் ஆறுகளின் கடந்தகாலத்தை நம் மாணவர்கள் நம் ஊரிலேயே தொட்டுப் பார்க்க வழி செய்யவும் வேண்டும்.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படகுகளும் வலைகளும் அலையாத்தி மரங்களும் கறுத்தன. இத்தகைய வேளைகளில் முதலில் எழும் வழக்கு, எவ்வளவு பழைய மாசு, எவ்வளவு புதியது என்பதுதான். விபத்துக்கு முந்தைய ஆண்டின் சேறு ஒரு பாட்டில் இருந்தால் மீனவர் பக்கம் பேச அது ஒன்றே போதும். இல்லாதபோது, முன்பே அழுக்காகத்தான் இருந்தது என்று சொல்பவர்களின் வாய் மூடுவதில்லை. இழப்பீடு கேட்டு நிற்கிற மனிதரிடம் ஆதாரம் கொண்டு வா என்று சொல்லும் நாம், அந்த ஆதாரத்தை எடுத்து வைக்கும் வேலையையாவது செய்திருக்க வேண்டும்.

மைனஸ் 150 டிகிரிக் கிடங்கு கட்டும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. மண்ணுக்கும் தானியத்துக்கும் இறகுக்கும் இலைக்கும் மின்சாரம் வேண்டாம். நிழலில் உலர்த்தி, கண்ணாடியில் அடைத்து, வண்டு புகாத அறையில் வைத்தால் போதும். லாஸும் கில்பர்ட்டும் அதைத்தான் செய்தார்கள். கோயம்புத்தூரில் ரோதம்ஸ்டெட் முறையைத் தழுவி 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இன்றும் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அதே வளாகத்தில் சென்னை மாகாண நாளிலிருந்து சேர்த்த உலர்தாவரங்களைக் கொண்ட மெட்ராஸ் ஹெர்பேரியமும் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் இருந்த பழைய உலர்தாவர இலைகளின் துளைகளை எண்ணித்தான் இயன் வுட்வர்ட் 1987இல், காற்றில் கரியமில வாயு கூடியதற்கேற்ப இலைத்துளைகள் குறைந்ததைக் காட்டினார். ஒரே வளாகத்தில் நூற்றாண்டு வயலும் நூற்றாண்டு இலைகளும் இருப்பது பெரும் பேறு.

அங்கிருந்தே தொடங்கலாம். அந்த வயலின் ஒவ்வொரு பாத்தியிலும் ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் எடுக்கிற மண்ணில் பகுப்பாய்வுக்குப் போகாத ஒரு பங்கு தனியே மூடப்பட வேண்டும். மாவட்டந்தோறும் ஒரு ஆறு, ஒரு ஏரி, ஒரு கழிமுகம் என்று தேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், அதே இடத்தில் சேறு எடுக்க வேண்டும். கல்லூரி விலங்கியல், வேதியியல் துறைகளால் இதைச் செய்ய முடியும். பட்டியல் இணையத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு மாதிரியும் இரண்டு ஊர்களில் பாதிப்பாதியாக இருக்கட்டும், ஒன்றில் வெள்ளம் புகுந்தாலும் மற்றது தப்பும். யார் பொறுப்பு என்பது ஒரு பேராசிரியரின் ஆர்வத்தைச் சார்ந்திருக்கக் கூடாது. பணி ஓய்வு நாளில் சாவி, கோப்பு, கருவிகளோடு மாதிரிப் பதிவேட்டையும் ஒப்படைத்து, அடுத்தவர் ஒவ்வொரு பாட்டிலையும் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பொறுப்பு மாற வேண்டும். அந்தப் பதிவேட்டுக்கு ஒரு வரைவு தயாரித்துக் கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன், மாணவர்கள் பார்த்துக் குறைகளைச் சொல்லுங்கள்.